எங்கட ஆக்கள் இல்லாத ஊர்

லண்டனில் நான் பார்த்தது மச்சாளின் குசினி. பாரிஸில் பார்த்தது சின்னம்மாவின் மகளின் குசினி. சூரிச்சில் குசினி யன்னலால் ஒரு மலை தெரிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஊர் சுற்றிய கதை இவ்வளவுதான். விடுமுறை என்று வாய் திறந்தால் போதும், இவர் கேட்கிற முதல் கேள்வி, "அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்பதுதான். ஆட்கள் இல்லாத ஊர் என் கணவரைப் பொறுத்தவரை ஊரே இல்லை.

அதனால்தான் போன வருடம் நான் சாந்தா ஃபே என்றேன். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், ஏழாயிரம் அடி உயரத்துப் பாலைநிலத்தில், மண் வீடுகளும் ஓவியக் கூடங்களுமாக இருக்கும் ஊர். பல் டொக்டரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் அதன் படத்தைக் கண்டு, அந்தப் பக்கத்தை ஒருவருக்கும் தெரியாமல் கிழித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போவம் எண்டு சொல்லுறன்."

"ஏதும் நடந்தா ஆருக்கு ஃபோன் அடிக்கிறது?"

அகதியாக ரொறொன்ரோவில் வந்து இறங்கிய நாளில் ஒரேயொரு ஃபோன் நம்பரை மட்டும் கையில் வைத்திருந்த மனிதர் அவர். அந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. ஒரு கிழமை இழுபறிப்பட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நாலு நாள். அவருக்குப் பிடித்தால் வருடம் ஒருமுறை ஆட்கள் இல்லாத ஊர். பிடிக்காவிட்டால் சாகும்வரை சொந்தக்காரர் வீடு. நான் வாயே திறக்கக்கூடாது. பிறம்ரனில் லொறிகளை நேரத்துக்கு அனுப்புவது இவருடைய வேலை. நழுவ இடம் வைத்து ஒப்பந்தம் போடுகிற ஆள் இல்லை. கை கொடுத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் தொடக்கத்தில் போய் இறங்கினோம். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவ்வளவு நீல வானத்தை நான் கண்டதில்லை. வீடுகளெல்லாம் குரக்கன் மாவைப் பிசைந்து கையால் பிடித்து வைத்த மாதிரி, மூலைகள் உருண்டு மொழுமொழுவென்று இருந்தன. வங்கியும் அதே மண்ணிறம், கார் தரிப்பிடமும் அதே மண்ணிறம். தெருவில் ஓர் இரும்புக் குதிரை தலைகீழாக நின்றது, சிரித்தேன். ஒரு பெரிய வெள்ளை அறையில் ஒரேயொரு நீலக் கோடு போட்ட படத்தை மட்டும் மாட்டியிருந்தார்கள், அதற்கும் சிரித்தேன். உயரத்தில் காற்றுக் குறைவு, தலை கிறுகிறுக்கும் என்று சொல்லி விடுதிப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கிறுகிறுத்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தும் அது குறையவில்லை.

இவருக்கு மூச்சு மட்டும்தான் வாங்கியது. முதல் நாள், "எல்லாம் ஒரே நிறம். உவங்களுக்கு வேறை பெயின்ற் கிடைக்கேல்லையோ?" என்றார். இரண்டாம் நாள், அஜாக்ஸில் இருக்கும் தன் தங்கைக்கு ஃபோன் எடுத்து, "ஒரு தமிழ் முகத்தைக் காணேல்லை. எல்லாரும் படம் பாக்கினம், நாங்களும் பாக்கிறம்" என்றார். பெட்டிக்குள் ரைஸ் குக்கரும் கறித்தூளும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். விடுதியில் சமைக்க விடமாட்டோம் என்றதும் முகம் இன்னும் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சூரிச் வெங்காயம் என் கண்ணுக்குள் எரிந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம், ஓவியக் கூடங்கள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் நடந்தோம். ஒரு கூடத்தின் முன்சுவர் முழுக்கச் செத்தல் மிளகாய் ஆள் உயரச் சரங்களாகத் தொங்கியது. சுத்தச் சிவப்பு. மூன்று நாளில் முதல்முறையாக இவர் தானாக நின்றார். "திறமான மிளகாய்," என்றார். அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு கறுத்த முகில் வந்து, பொத்தென்று மழையைக் கொட்டியது.

ரொறொன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் எங்கள் தெருவில் கோடை முழுக்க வீட்டுப் பின்பக்க மர டெக்குகளில் மிளகாய் காயும். மழை தூறினால், வீட்டுக்காரர் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அள்ளி உள்ளே வைப்பாள். யாருடைய மிளகாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு கேட்டு என்ன?

"ஐயோ, மிளகாய்!" என்றேன்.

நான் ஒரு சரத்தைக் கொழுவியிலிருந்து கழற்றுவதற்குள் இவர் இரண்டைத் தோளில் போட்டுவிட்டார். படியேறினால் மூச்சு வாங்குகிற மனிதர்! "அந்தப் பக்கத்தைப் பிடியும்! கெதியாய்!" என்று கத்தினார். கதவை முதுகால் தள்ளித் திறந்து, பளிங்கு மாதிரித் துடைத்து வைத்திருந்த தரையில் கொண்டுபோய்ப் பரப்பினோம். மூன்று தரம் ஓடினோம். ஒன்பது சரம். நிமிர்ந்து பார்த்தால், வெள்ளை முடியும் பச்சைநீலக் கல் மாலையுமாக ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தின் சொந்தக்காரி.

"மழை," என்றேன் ஆங்கிலத்தில். பிறகு தரையைக் காட்டினேன். "மிளகாய்."

அவள் மிளகாயைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், வெளியே மழையைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் குந்தியிருந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது அலங்காரமாம். வார்னிஷ் பூசியதாம். மழையென்றாலும் பனியென்றாலும் அங்கேயே தொங்குமாம். வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், இரண்டு தரம் களவும் போயிருக்கிறது, ஆனால் நனைகிறதே என்று ஒருவரும் இதுவரை உள்ளே எடுத்து வைத்ததில்லை என்றாள்.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. இவருக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். "நல்ல மிளகாய்க்கு ஆரும் வார்னிஷ் அடிப்பினமே?" என்று என்னிடம் தமிழில் வெடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, கறித்தூளுக்குக் காம்பு கிள்ளுவது, வறுப்பது, கொத்தமல்லி எவ்வளவு, பெருஞ்சீரகம் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அவள் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். மழை விட்டது, இவர் விடவில்லை.

அவள் கூப்பிட்டதில், அடுத்த நாள் மத்தியானம் எங்கள் ரைஸ் குக்கர் அவளுடைய மண் வீட்டுக் குசினியில் கொதித்தது. வெங்காயம் உரித்தவர் இவர். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த மத்தியானங்கள் குறைவு. வெளிக்கிடும்போது அவள் தன் நம்பரைக் கொடுத்தாள். இவர் அதை ஃபோனில் 'மிளகாய் அக்கா' என்று பதிந்துகொண்டார்.

வீடு திரும்பிய பிறகு ஒப்பந்தத்தைப் பற்றி இவர் மூச்சுக் காட்டவில்லை. கேட்க எனக்குப் பயம். ஒரு மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே வார்னிஷ் பூசாத மிளகாய்ச் சரம் ஒன்று, கூடவே 'மழை வந்தால் உள்ளே எடுக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டு. இவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, சரத்தைக் குசினியில் தானே கொழுவினார்.

இந்த வசந்தத்தில் அஜாக்ஸ் தங்கை வந்திருந்தபோது கேட்டாள்: "இந்த முறை லண்டனோ அண்ணை?"

"இல்லை. எங்கட ஆக்கள் இல்லாத ஊராப் பாக்கிறம்."

நான் தேத்தண்ணீர்த் தட்டை மேசையில் வைத்தேன். "அப்ப, திரும்பச் சாந்தா ஃபேயோ?" என்று கேட்டேன்.

"அதெப்பிடி?" என்றார் இவர். "அங்கைதான் எங்கட ஆக்கள் இருக்கினமே."