வாப்பாவுக்குக் கொடுத்த மோதிரம்

அந்த நாட்களில் யாராவது புதுச் சட்டை போட்டால் அவர் சவுதிக்குப் போகிறார் என்றுதான் நான் நினைப்பேன். எங்கள் மருதமுனையில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வீட்டு அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, போனபோது நான் வேலியில் தொங்கிக்கொண்டு முழுவதையும் பார்த்தேன். ஹயரிங் கார் வந்து நின்றது. தெருவெல்லாம் அத்தர் மணத்தது. ஒருவர் துஆ ஓத, ஆண்கள் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்கள். இவ்வளவும் ஒரு வீட்டில் நடந்தால் அங்கே ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று அர்த்தம். எனக்கு ஏழு வயது. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இவ்வளவும் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது. முற்றத்து மணலில் மஞ்சள் வெயில் கிடந்தது. ஓயாத தறிச்சத்தம் அன்று எங்கே போனதோ, என் நினைவில் அது கேட்கவில்லை. வாப்பா வெள்ளைச் சாறன் உடுத்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, புதுத் தொப்பியோடு முன்னறையில் இருந்தார். சந்தையில் நாள் முழுக்கச் சாறன் விற்றுவிட்டு வரும் வாப்பா அல்ல அவர். தொட்டால் அழுக்குப் பட்டுவிடும் போலிருந்த வேறொருவர். ஆட்கள் வந்தார்கள், மெதுவாகக் கதைத்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். பெண்களின் குரவைச் சத்தம் இல்லை, கம்படிக்கும் பொல்லடி ஆட்டம் இல்லை.

முந்திய வருடம் உம்மா மவுத்தான பிறகு, உம்மாவின் தங்கச்சியான சாச்சி தன் புருஷனோடு எங்கள் வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்துக்கொண்டார். அவர் குசினிக் கதவுக்குப் பின்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சாச்சி, வாப்பா எங்க போறார்?"

"சாய்ந்தமருதுக்குப் புள்ள."

சாய்ந்தமருது கல்முனைக்கு அங்கால் இருக்கிற ஊர் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் விமானம் வந்து நிற்குமாக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

பயம் பிடித்தது அப்போதுதான். சவுதிக்குப் போனவர்கள் சிலர் பிள்ளைகளை மறந்துபோய்விடுகிறார்கள் என்று கிணற்றடியில் பெண்கள் கதைத்ததைக் கேட்டிருந்தேன். உம்மா இல்லை. வாப்பாவும் மறந்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் உம்மாவின் மோதிரம் தொங்கியது. சிவப்புக் கல் ஒன்று வைத்த மெல்லிய தங்க மோதிரம். உடுப்புத் தோய்க்கும்போதுகூட உம்மா கழற்றாதது. என் விரலுக்குப் பெரிது என்று சாச்சிதான் கயிற்றில் கோர்த்துக் கட்டிவிட்டிருந்தார். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

ஆண்கள் நிறைந்த முன்னறைக்குள் போய் வாப்பாவின் கையில் அதை வைத்தேன்.

"வாப்பா, இத வெச்சிக்குங்க. இதப் பாத்தா எங்கட ஊட்டுக்கு வரோணும் எண்டு உங்களுக்கு ஞாபகம் வரும்."

வாப்பா மோதிரத்தைச் சுண்டு விரலில் போட்டுப் பார்த்தார். முதல் கணுவோடு நின்றுவிட்டது. உம்மாவின் காக்காவான மாமா குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், ஆம்புளைக்குத் தங்கம் ஹறாம். புள்ளக்கிட்டயே குடுங்க."

"போடத்தான் ஹறாம் மச்சான்," என்றார் வாப்பா. "வெச்சிரிக்க ஹறாமில்லத்தானே?"

மார்க்கம் என்றால் மணிக்கணக்கில் கதைக்கக்கூடிய மாமா தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். வாப்பா மோதிரத்தைக் கைலேஞ்சித் துணியின் முனையில் முடிந்து இடுப்பு வாரின் பைக்குள் வைத்தார். பிறகு என் தலையை மோந்தார்.

"வாறன் உம்மா. வெள்ளிக்கிழம வாறன்."

பாசம் கூடினால் வாப்பா என்னை உம்மா என்றுதான் கூப்பிடுவார். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. சவுதிக்குப் போனவர் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார் என்பது எனக்குத் தெரியாததா?

அன்று மாலையும் அடுத்த நாட்களும் கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்து விமானம் பார்த்தேன். ஒரு தடவை எங்கோ உயரத்தில் இரைச்சல் கேட்டது. மேகத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. அப்படியிருந்தும் எழுந்து நின்று ஸலாம் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் சவுதி இருக்கிறது, அங்கே வாப்பா என் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது அலைச்சத்தம்கூட இதமாக இருந்தது. எங்கள் கடல் கிழக்கே, சவுதி மேற்கே என்பது பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பா தன் பழைய சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சவுதி முடிஞ்சா வாப்பா?" என்று கேட்டேன். சாச்சி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் என்னை மடியில் வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். வாப்பா சாய்ந்தமருதில் ஒருவரைக் கலியாணம் முடித்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு பெண்ணுக்குரியது. உம்மாவின் வீடு இப்போது எனக்கென்று ஆகிவிட்டது. ஆக, வீட்டுக்காரி நான், வாப்பா என் விருந்தாளி. ஏழு வயதில் யாருக்கும் கிடைக்கக்கூடாத சொத்து அது.

அடுத்த வீட்டுக் காக்கா இரண்டு வருடத்தில் ரேடியோவோடு தன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். ஒரு பஸ் தூரத்தில் இருந்த வாப்பாதான் கடைசிவரை திரும்பவில்லை.

அந்த முதல் வெள்ளிக்கிழமை வாப்பா கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் எடுத்தா மறுகா வரமாட்டீங்க."

அவர் அதைத் திரும்ப முடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பவில்லை. மழையிலும் வந்தார், நோன்பிலும் வந்தார். சைக்கிளை நிறுத்தியதும் இடுப்பு வாரைத் தட்டிக் காட்டுவார். நான் தலையாட்டினால்தான் உள்ளே வருவார். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டு என்று நினைத்திருந்தேன். அந்தச் சாய்ந்தமருதுப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கிண்டிக் கொடுத்துவிடும் தொதல் இனிப்பை நான் தொட்டதும் இல்லை, அவர் பெயரைக் கேட்டதும் இல்லை.

சில வாரங்கள் போனபின் மோதிரம் கைலேஞ்சியில் இல்லை. பூப்போட்ட சீத்தைத் துணியில் தைத்த ஒரு சின்னப் பைக்குள் இருந்தது. இழை இழையாக நெருக்கித் தைத்த தையல். வாய் திறந்துவிடாமல் சுருக்கிக் கட்ட ஒரு நூல். "வடிவாயிரிக்கி வாப்பா," என்று சொல்லி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வாப்பா தைத்தது என்றே நினைத்தேன்.

வாப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது.