கட்டடம் இல்லாத வெள்ளவத்தை

அளந்த உயரப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துக் கணினியில் தரையை எழுப்புவதுதான் என் வேலை. வடிகால் வேலை ஒன்றுக்காக இன்று கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கையே, என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆசை. எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து கடல் தெரியுமா என்று மென்பொருளிடம் கேட்டேன்.

கரைவரை ஒரே பச்சைக் கோடு. தெரியும் என்று அர்த்தம்.

பக்கத்து மேசை ரிஸ்னா எட்டிப் பார்த்தாள். "நீங்க பில்டிங் ஒண்டும் போடல்லயே. இது வெறும் தரைதானே."

சரிதான். எங்கள் பால்கனிக்கு எதிரே கடலை மறைத்து எழும்பிய அபார்ட்மென்ட் அதில் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் விடுகிற பிழை. ஆனாலும் திருத்த மனம் வரவில்லை. திரையைப் போனில் படமெடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முன்பெல்லாம் அப்பா வேலை முடிந்து வரும் பின்னேர ரயில் கரையோரம் வருவதைப் பால்கனியில் நின்று பார்த்த பிறகுதான் அம்மா அடுப்பில் கேத்தலை வைப்பார். அப்பா ஸ்டேஷனிலிருந்து நடந்து வரத் தேத்தண்ணி தயாராக இருக்கும். இப்போது கடலும் தெரிவதில்லை, அப்பாவும் இல்லை.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில எங்கட வீடு எது?"

"இந்தப் புள்ளி."

"அப்ப ரயில் வாறதும் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"உன்ர கம்பியூட்டர் பொய் சொல்லுது," என்றார். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை.

கடல் தெரிகிற பால்கனி இன்னும் யாரிடமாவது இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள். தேத்தண்ணியை நாங்களே கொண்டுவருகிறோம். பின்னேர ரயிலுக்கு முன்னமே வந்துவிடுவோம்.