சித்தப்பா வண்டியின் கன்வெர்ட்டர்

என் தங்கையைத் தெருவே ‘சைலன்சர்’ என்றுதான் கூப்பிடும். வண்டிகளின் புகைக்குழாய் வேலை பார்க்கிறாள் என்பதற்காக மட்டுமல்ல. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்ற கிண்டலும் அதில் உண்டு. அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. பட்டறைப் பலகையிலேயே அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவிட்டாள்.

படிப்பு எங்கள் இருவருக்குமே அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் பதினேழு வயதில் வெல்டிங் பிடித்த கை அவளுடையது. அவள் பற்றவைத்த குழாயில் இதுவரை பொட்டுப் புகை கசிந்ததில்லை. சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு பதின்மூன்றாம் நம்பரை எடுக்கலாம். நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பட்டறை இருக்கும் கொட்டகை எங்கள் சித்தப்பாவுடையது. ஒரு திங்கட்கிழமை காலை அவர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினார். சுமை இல்லாமலேயே மேட்டில் ஏறத் திணறுகிறதாம்.

“அந்தக் கன்வெர்ட்டர் டப்பா அடைச்சுக்கிச்சு. அதைக் கழட்டி எறிஞ்சிட்டு வெறும் குழாயைப் பத்தவச்சிடு.”

புகையின் நஞ்சை முறிக்கும் பெட்டி அது. உள்ளே தேன்கூடு போலப் பொடித் துளைகள் இருக்கும்.

“முதல்ல பார்ப்போம் சித்தப்பா. பல்லு வலிச்சா தாடையையா கழட்டுவாங்க?”

குழாயிலிருந்த சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் பார்க்கும் மீட்டரைத் திருகி, என்னை இன்ஜினை முடுக்கச் சொன்னாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது.

“பார்த்தியா! நான் சொன்னேன்ல?” சித்தப்பா தொடையைத் தட்டினார்.

“அடைப்புதான், ஒத்துக்கறேன். எப்படி அடைச்சுது?” பானெட்டைத் திறந்து ஆயில் அளவுக் கம்பியை உருவினாள். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை ஆயில். “எப்பெப்ப ஊத்துறீங்க?”

“ஞாயித்துக்கிழமை தவறாம அரை டம்ளர். வண்டி காயக் கூடாதுல்ல?”

“குழந்தைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டியிருக்கீங்க! மிஞ்சினது எரிஞ்சு கரியாகி அதுக்குள்ள போய் உக்காந்திருக்கு. புதுசு மாத்தணும். வெறும் குழாய் வைக்க மாட்டேன். சட்டப்படி தப்பு. அதோட, பின்னாடி வர்றவங்க அந்தப் புகையைத்தான் குடிக்கணும்.”

சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. “என் கொட்டகையில இருந்துக்கிட்டு எனக்கே மாட்டேங்கறியா? அப்ப காலி பண்ணு.”

ஏழு வருடம் நான்கு மாதம் அவள் உழைத்து உருவாக்கிய இடம்.

அவளோ கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி சித்தப்பா, மாசக் கடைசிக்குள்ள பண்ணிடறேன். ஆனா வண்டியை யார்கிட்ட கொண்டு போனாலும் ஆயில் விஷயத்தைச் சொல்லிடுங்க. இப்படியே ஓட்டினா அடுத்து இன்ஜினே போயிடும். இருங்க, அதிகமா இருக்கறதை வடிச்சு விடறேன்.”

வண்டிக்கு அடியில் படுத்தாள். ஒரு பாட்டில் நிறைந்தது.

“இன்னொரு பாட்டில் எடுத்துக் குடுங்க.”

சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். அதுவும் நிறைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“புதுசு எப்ப வரும்?” குரல் இறங்கியிருந்தது.

“வியாழக்கிழமை. கொட்டகை?”

“வாய் மட்டும் குறையாதே உனக்கு! வண்டி வேலையைப் பாருடீ.”

சாவியை அவள் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார். வியாழன் வரை மூன்று நாளும் எங்கள் தெரு வழியாக நடந்துதான் போனார். முதல் இரண்டு நாள் பட்டறைப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் நின்று, “வந்துடுச்சா?” என்று கேட்டார்.