ராஸ் தீவுக்குப் போகாத நாள்

புதன், காலை 6.40. போர்ட் பிளேர், ஹாடோ துறைமுகம்.

சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர் தண்ணீர். மூன்று நாளில் வர வேண்டிய கப்பல், கடல் கொந்தளிப்பில் ஒன்றேகால் நாள் தாமதமாகத் துறையைத் தொட்டது. வெள்ளிக்கிழமை காலையில் இதே கப்பலில் திரும்ப வேண்டும். ஆக, அந்தமானைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது முழுசாக இரண்டே நாள்.

எங்கள் ஊர் சூலூர். வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி. பொங்கலுக்குத் தறி நின்றால், ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நானும் எங்கள் வீட்டுக்காரரும் கிளம்பினோம். தொண்ணூற்றாறு, தை மாதம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பழனி, திருப்பதி தவிர்த்து நாங்கள் சேர்ந்து போன முதல் பயணம் இதுதான். "அந்தமானுக்கா? என்ன குத்தம் பண்ணுனீங்க?" என்று கேலி பேசாத சொந்தக்காரர் இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. எங்கள் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். இருபத்தைந்து வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காது அது. ஊருக்கே தெரியும், அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்தில் சம்பந்தி ஏதோ கேட்க, இவர் ஏதோ சொல்ல, பந்தலே சிரித்தது. அதோடு விசேஷம், கோயில், டீக்கடை எல்லாம் நின்றது. இந்த மனுஷன் இப்படியே வாயைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாலு பேர் நடுவில் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் கப்பலில் எங்களுக்குப் பக்கத்துப் படுக்கை, கோபிச்செட்டிபாளையத்துத் தலைமையாசிரியரும் அவர் மனைவியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே பேசுவார். நல்ல பேச்சு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம், "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் இவர். எது கேட்டாலும் ஆமாங்கதான். ஆசிரியருக்கு அதுவே பிடித்துப்போயிற்று. "தங்கமான மனுசருங்க அம்மணி. குறுக்க ஒரு வார்த்தை பேசறதில்லீங்களே!" என்று என்னிடம் மெச்சினார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

புதன், பிற்பகல் 2.00. செல்லுலார் சிறை.

விடுதி அபர்டீன் பஜாரில். இரண்டு பேர் அறைக்கு நாள் வாடகை 220 ரூபாய். மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நான்கு பேருக்கும் ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிட்டார். வழிகாட்டி முன்னால் நடந்துகொண்டே பேசினார். நாங்கள் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் போனோம். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரரைக் காணோம்.

தேடிப் போனால், ஓர் அறை வாசலில் தனியாக நின்று தாழ்ப்பாளை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். "பாத்தியா அம்மணி? கொண்டிய செவுத்துக்குள்ள எட்டத் தள்ளி வெச்சிருக்கான். உள்ள இருக்கறவன் கம்பி வழியாக் கைய உட்டாலும் எட்டாது. எவனோ வெவரமான மேஸ்திரி" என்றார். அன்று பகல் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

புதன், மாலை 5.30. விடுதி.

ஐந்தரைக்கே அங்கே இருட்டிவிடுகிறது. மேனேஜர் வரவேற்பு மேஜையில் வரைபடத்தை விரித்தார்.

"நாளைக்கு ஒருநாதான இருக்கு? ரெண்டுல ஒண்ணு பாருங்க. ராஸ் தீவும் மவுண்ட் ஹாரியட் மலையும் ஒரு சுத்து, ஆளுக்கு நூத்திருபது, கைடு உண்டு. இல்லைன்னா வண்டூர் போயி ஜாலி பாய் தீவு. போட்டுக்கு எழுபத்தஞ்சு. கண்ணாடி வச்ச படகுல பவளம் பாக்கலாம். சோறு தண்ணி கையில கொண்டு போயிரணும், அங்க ஒண்ணுங் கிடையாது."

"ராஸ்தானுங்க!" என்றார் தலைமையாசிரியர், யாரையும் கேட்காமல். "வெள்ளைக்காரன் கட்டுன ஊடு, சர்ச்சு, நாட்டியக் கூடம், எல்லாத்தையும் ஆலமர வேர் புடிச்சு நிக்குதாமுங்க. நாளைக்கு வர்ற கைடு கதை கதையாச் சொல்லுவாராம்."

எனக்கும் ராஸ்தான் ஆசை. கதை என்றால் எனக்குச் சோறே வேண்டாம். "ஏனுங்க, ராஸுக்கே போலாமுங்களா?" என்று வீட்டுக்காரர் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"நீ போயிட்டு வா. நான் ரூமுலயே படுத்துக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "படுக்கறதுக்கா ஆயிரம் மைல் கடலத் தாண்டி வந்தோம்? படுக்கறதுன்னா சூலூர்ல கட்டில் இல்லீங்களா?" என்று கத்திப்போட்டேன். அவர் வரைபடத்தில் ஜாலி பாய் என்று எழுதியிருந்த பொட்டு நிலத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, மாடிப்படி ஏறிப் போனார்.

அந்த விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ராஸ் தீவு காதால் பார்க்கிற ஊர். அங்கே போய் அவர் இன்னொரு தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பவளம் பார்க்கக் காது எதற்கு? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கிற மாதிரி நான் கேட்கவில்லை.

"சாருங்க, நாங்க மீன் பாக்கப் போறமுங்க" என்றேன். தலைமையாசிரியர் முகம் சுருங்கிவிட்டது. "மீனா? அத நம்ம பவானிசாகர் அணையிலயே பாத்துக்கலாமே அம்மணி!" என்றார்.

வியாழன், காலை 8.00. வண்டூர் பேருந்து.

29 கிலோமீட்டர், கட்டணம் ஆறு ரூபாய். வழியெல்லாம் தென்னையும் பாக்கும். பொள்ளாச்சியைக் கொண்டுவந்து கடலோரம் வைத்த மாதிரி இருந்தது. எங்கள் பையில் புளிசாதம், நாலு வாழைப்பழம், ஒரு குடம் தண்ணீருக்குச் சமமான அளவு பாட்டில்கள். ஊர்க்காரி புத்தி எங்கே போகும்!

10.10. படகு.

முப்பது பேர் இருந்தோம். எடை சரியாக இருக்க வேண்டுமென்று படகுக்காரர் பெண்களை முன்னாலும் ஆண்களைப் பின்னாலும் உட்காரவைத்தார். ராமேசுவரத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர். டீசல் இயந்திரத்தை முடுக்கினார் பாருங்கள், அடேங்கப்பா! பலகையெல்லாம் தடதடவென்று அதிர்ந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்தார்கள். பிறகு ஓய்ந்துபோய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள்.

பின்கோடியிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் ஆட்டினார். டீ கிடைக்குமா என்று அர்த்தம்.

தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. எல்லாம் கையும் உதட்டசைவும்தான். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்தது. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். சொந்தத் தறி போடுமுன் நாங்கள் இருவரும் கூலிக்கு ஓட்டியவர்கள். எதிரெதிர்த் தறியில் நின்று பேசிப் பேசியே புருஷன் பெண்டாட்டியாய்ப் பழகினோம். மகள் கல்யாணத்துக்குப் பிறகு நான் கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். கையும் பேச்சை மறந்துபோயிற்று.

டீ இல்லை என்று கையை விரித்தேன். அவர் உடனே மீசையை முறுக்கி, படகு முனையில் கேமராவோடு விறைப்பாக நின்ற பெரிய மனிதரைக் கண்ணால் காட்டினார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் விடவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாளைக் கண்ணால் காட்டி, இரண்டு விரலை ஒட்டிப் பிரித்து, ஒரு மாதிரி முகத்தைச் சுளித்து, அந்த அம்மாளுக்கு வாந்தி வரப் போகிறது, தள்ளி உட்கார் என்றார். நான் தள்ளி உட்கார்ந்தேன். வாந்தி வந்தது. முப்பது பேரும் செவிடாய் உட்கார்ந்திருந்த அந்தப் படகில் பேச்சு வழங்கியது எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாக நான் அடுப்படியில் நின்று அவர் முதுகிடம் பேசியிருக்கிறேன். பதில் வராவிட்டால் கோபித்திருக்கிறேன். காது போனது அவருக்கு. கண் போனது எனக்கல்லவா?

11.20. ஜாலி பாய்.

ஆளில்லாத தீவு. வெள்ளை மணல், பின்னால் காடு. சின்னப் படகுக்கு அடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். தண்ணீருக்குள் பவளம் சில இடத்தில் முட்டைக்கோசாய் விரிந்தும் சில இடத்தில் மான்கொம்பாய்க் கிளைத்தும் கிடந்தது. நீலக் கோடு போட்ட மீன்கள் இடமும் வலமுமாகப் பாய்ந்தன. அவர் என் முழங்கையைத் தட்டி, தறியில் ஊடு நூலைச் சுமந்து நாடா ஓடுவதைக் கையால் காட்டினார். அப்படியேதான் இருந்தது.

மதியம் ஒன்றரை இருக்கும். நாலைந்து இளவட்டங்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பெரிய படகின் மேல்தட்டில் நின்று படகுக்காரர் கையை வீசி என்னவோ கத்தினார். எதிர்க்காற்று, ஒரு சத்தமும் வரவில்லை. டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து அந்தப் பையன்கள் திருப்பிக் கை ஆட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரர் புளிசாதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கரைக்கு வாங்க கண்ணுகளா! தண்ணி உள்ளுக்கு இழுக்குதாம், சொல்றாரு. வாங்க!" தறிக்கூடத்துக் குரல், தீவே கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார்கள். கால் மணிக்குள் அவர்கள் நின்ற இடத்தில் தண்ணீர் வாய்க்கால் மாதிரி சுழித்து ஓடியது.

படகுக்காரர் ஓடி வந்தார். "எனக்கே என் சத்தம் கேக்கலையேண்ணே! உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கலீங்க. பாத்தேன்" என்றார் இவர்.

வியாழன், மாலை 6.00. விடுதி.

தலைமையாசிரியர் ராஸ் தீவிலிருந்து கதை மூட்டையோடு வந்திருந்தார். வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சாருங்க, தப்பா நெனைக்காதீங்க. எம் மூஞ்சியப் பாத்துப் பேசோணும். எனக்குக் காது கேக்காதுங்க."

 தலைமையாசிரியர் ஜன்னலை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "அப்ப கப்பல்ல நாலு நாளா நான் பேசுனதெல்லாம்?"

"ஒண்ணுமே கேக்கலீங்க."

"ஒண்ணுமேங்களா?"

"ஒண்ணுமேங்க."

வெள்ளி, காலை 9.00. கப்பல்.

துறைமுகம் பின்னால் தேய்ந்தது. ராஸ் தீவு ஓரமாகக் கடந்து போனது. இடிந்த சர்ச் மரத்துக்கு நடுவே தெரிந்த மாதிரி இருந்தது. அதை நான் மிதிக்கவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை. எங்கள் பேச்சைத் திருப்பிக் கொடுத்த கடலுக்கும், அந்தப் படகின் ஓட்டை இயந்திரத்துக்கும் கையெடுத்துக் கும்பிட்டேன். மேல்தட்டில் தலைமையாசிரியர் கடலுக்கு முதுகைக் காட்டி, எங்கள் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று முதலிலிருந்து தொடங்கினார்.

"ஒரே புள்ளைங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கறமுங்க."