மொக்கையன் பார்த்த நாற்பத்தொன்பது

கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரியைப் பூட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதன் சங்கு இப்போது மொக்கையனுக்கு மட்டும்தான் கேட்கிறது. கேட்டதும் தொழிலாளர் லயத்து வாசலில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். அரைமணி கழித்து எழுந்து, எந்த வருஷத்துக்குப் போய்வந்தார் என்று சொல்வார்.

“நாப்பத்தொம்பதுல செருப்புன்னு ஒண்ணு யார் காலுலயும் கெடையாது. அட்டை கடிச்சா சுண்ணாம்பு. ஒரு ரூமுல ரெண்டு குடும்பம், நடுவுல சாக்குத் தடுப்பு.”

“இப்ப மட்டும் என்ன வாழுதாம்? தார்ப்பாய்த் தடுப்பு” என்பாள் மனைவி சாந்தம்மாள், பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கக் கிளம்பிக்கொண்டே.

“ரெண்டாயிரத்து எழுபதுல இந்த லயம் பூரா டூரிஸ்ட்டு தங்குற ரூமு. நம்ம அடுப்பக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான். சனம் நின்னு போட்டோ எடுக்குது.”

“அடுப்புல சோறு இருந்துச்சா அண்ணாச்சி?” என்று பக்கத்து வீட்டு ஏசுதாஸ் கேட்பான். லயமே சிரிக்கும். சாந்தம்மாளும் சிரிப்பாள். குடிக்காத, கைநீட்டாத மனுஷன். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தாள்.

போன மாதம் மகள் ஆனந்திக்கு நர்சிங் சீட் வந்தது. பட்டியல் சாதிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் தேதிக்குள் காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் அதற்கு, ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். எஸ்டேட்டின் பழைய செக்ரோலில், ஆள் பேரேட்டில், பெயர் இருந்திருக்கும். கம்பெனி நாலு கை மாறியதில் அந்தப் பேரேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. விவரம் தெரிந்த கிழடுகள் வேலை ஓய்ந்ததும் கம்பம், தேனி என்று மலையிறங்கி, அங்கேயே மண்ணாகிவிட்டார்கள். வழிவழியாகக் கேட்டறிந்ததைச் சொன்னால் எழுதி மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்று வில்லேஜ் ஆபீஸில் இருந்த ஜிபி மேடம் சொன்னாள். சொல்ல மிச்சமிருந்தவர் மொக்கையன் ஒருவர்தான்.

ஜீப்பில் போகும்போதே சாந்தம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். “எங்க அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் தெறக்காதீங்க.”

“எனக்கு ரெண்டு வயசுலயே அவரு போயிட்டாரே. என்னத்தச் சொன்னாரு?”

“சொன்னாருன்னு சொல்லுங்க.”

தலையாட்டினார்.

ஜிபி மேடம் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டாள். “சேட்டா, உங்க தாத்தா எப்போ இங்க வந்தது?”

“நாப்பத்தேழுல மலையேறுனாரு. பேரு சுடலை. செக்ரோல்ல முந்நூத்திப் பன்னெண்டாம் நம்பர். நாலாம் லயம், கடைசி வீடு.”

பேனா ஓடியது. சாந்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இது அப்பா சொன்னதல்லே?” என்றாள் ஜிபி மேடம்.

மொக்கையன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “அப்பா...” என்று தொடங்கி நிறுத்தினார். “இல்லம்மா. பிள்ளை காரியத்துல பொய் எழுதுனா நாளைக்கு அதுக்குத்தான் தொந்தரவு. நானே பாத்தேன். போன செவ்வாக்கெழமகூட நாப்பத்தொம்பதுக்குப் போயிருந்தேன். மஸ்டர்ல பேரு கூப்புட்டதும் கையத் தூக்குனாரு.”

பேனா நின்றது. ஜிபி மேடம் சிரிக்கவில்லை. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். “இதை எப்படியாக்கும் சேச்சி நான் மேல அனுப்புறது?” என்று சாந்தம்மாளிடம் கேட்டாள்.

“அந்தப் பேரேட்டக் கையோட கொண்டாந்திருக்கலாம்லப்பா” என்றாள் ஆனந்தி. குரலில் கோபம்கூட இல்லை.

“எதையும் கொண்டார முடியாது தாயி. கண்ணால பாக்கலாம். அம்புட்டுத்தான்.”

பன்னிரண்டாம் தேதி போனது. சீட்டும் போனது. பதினைந்தாம் தேதி, மேல்மலை ரிசார்ட்டில் அறை கூட்டும் வேலைக்கு ஆனந்தி கிளம்பிப்போன பிறகு மொக்கையன் வாசலில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் முகம் சரியில்லை.

“எழுபதுல ஆனந்தியோட பேத்தி ஒரு ஆபீஸ் வாசல்ல நிக்குது. ரெண்டாயிரத்து முப்பதுக்கு முன்னாடி உங்க ஆளுக இங்க இருந்தாங்களான்னு கேக்குறான். கையில ஒரு துண்டுக் காகிதம் இல்ல அதுட்ட.”

நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்றுதான் சாந்தம்மாள் வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த, பேரும் தேதியும் போட்ட கரண்ட் பில்லை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை நாலாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார்.