கருங்கல் சில்லில் பூத்த கள்ளி

பந்து மாதிரி உருண்டையாக, உடம்பெல்லாம் வெள்ளை முள்ளோடு இருந்த அந்தக் கள்ளிச்செடியை அண்ணி லேசாக அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. மேலே பச்சை மாறாமல் நின்ற செடி, அடியில் கூழாகியிருந்தது. அன்று அண்ணியின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

மாமல்லபுரத்தில் அவர் வேலை செய்யும் ஹோட்டலில் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆசை அது. பாலைவனச் செடிதானே, பாலைவனம் என்றால் மணல்தானே என்று கடற்கரையிலிருந்து பை பையாக மணல் அள்ளிவந்து தொட்டிகளை நிரப்பினார். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் அந்த யோசனை வராது? மணலில் இருந்த உப்போடு ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ள, எல்லாச் செடிகளும் அடியிலிருந்து அழுகின. சிற்பப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் பொறுமையிழந்தார்.

"அடுத்த மழைக்கு இதுங்க நிக்கலன்னா அத்தனையும் குப்பையிலதான். சொல்ட்டேன்."

"நிக்கும். நின்னா நீ இன்னா பண்ணுவ, அதச் சொல்லு?"

அண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அழுகாத மேல்பகுதிகளை அண்ணி கத்தியால் அறுத்தெடுத்து, வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் வைத்தார். அண்ணன் சட்டையை உதறும்போது உதிரும் கருங்கல் சில்லைப் பார்த்துத்தான் அடுத்த யோசனை வந்தது. பட்டறை ஓரத்தில் குவிந்து கிடந்ததை மூட்டை கட்டி ஸ்கூட்டியில் கொண்டுவந்தார். சலித்து, மாவு போகக் கழுவி, கொஞ்சம் மக்கிய சாணம் கலந்து நட்டார். அடுத்த மழைக்காலம் வந்ததும் மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டார். சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. ஊற்றாமல் செடி வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா? கை சும்மா இருக்காதே. பாவமென்று நான் ஒருநாள் சொம்போடு போனேன்.

"கிட்ட வந்த, கைய ஒடிச்சிடுவேன்!"

சொம்போடு திரும்பிவிட்டேன்.

மழை ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூட அமுங்கவில்லை. பங்குனி வெயிலில், உச்சியைச் சுற்றிப் பூச்சரம் வைத்துக்கொண்டதுபோல ரோஸ் நிறப் பூக்கள். "யோவ், வந்து பாருய்யா!" என்று அண்ணி கூவியது தெருவுக்கே கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்த ஹோட்டல் வாசலில் நிற்பவை அண்ணியின் தொட்டிகள்தான். எங்கள் மொட்டைமாடியைச் சுற்றிக்காட்ட ஆள் கூட்டிவருவது அண்ணன்! போன வாரம் வந்த ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "முள்ளுச் செடி வூட்ல வெச்சா புருஷன் பொண்டாட்டி சண்டை வரும்னு சொல்றாங்களே, அண்ணாத்த?"

"வராம இன்னா? வந்துச்சு," என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அவதான் ஜெயிச்சா."