மரியாதை தெரியாத ஸ்பீக்கர்

பேசுகிற ஸ்பீக்கர் விற்பவன், அந்த ஸ்பீக்கரை விட அதிகம் பேசியாக வேண்டும். திருவாரூரில் ரஹீம் பாய் கடையில் எனக்கு அதுதான் வேலை. வாயால் சொன்னால் விளக்கு போடும், ஃபேனை நிறுத்தும், பாட்டு வைக்கும் சாமான்களையெல்லாம் வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்டுவேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டில் தினமும் இதுகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் பாய் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிய சகோதரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

எந்தக் கலர்?

ஒருத்தர் வந்தார். எதில் பாட்டு கும்மென்று கேட்கும், எதில் பேச்சு தெளிவாக இருக்கும் என்று தொண்டை வறள விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், எங்க ஹாலுக்கு எந்தக் கலர் எடுப்பா இருக்கும்?" என்றார். என் கறுப்புக் கண்ணாடியை ஸ்டைல் என்று நினைத்துவிட்டார் போல.

கடையில் கறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்று பாய் காலையிலேயே சொல்லியிருந்தார். "கறுப்புதான் சார்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பாயிடம் சொன்னார்: "தம்பிக்கு நல்ல கண்ணு பாய், பட்டுனு சொல்லிட்டாரு."

குளோரி டீச்சர்

கவுண்டர் விளிம்பைத் தடவிக்கொண்டே வரும் விரல்களை நான் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். நானும் அப்படித்தானே எங்கேயும் நுழைகிறேன்! வந்தவர் குளோரி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை அநேகமாகப் போய்விட்டது. வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகள் ஸ்டெல்லா பெங்களூரில். அடுத்த மாதம் வந்து பார்ப்பேன், சமாளிக்க முடியவில்லை என்றால் கையோடு அழைத்துப் போய்விடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

"போனால் என்ன டீச்சர், பொண்ணு வீடுதானே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே இதே மாதிரி எத்தனை பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள்! என் வாய்க்கு வேண்டிய பதில் உடனே கிடைத்தது.

"அங்க பதினோராவது மாடி. லிஃப்ட் பட்டனும் தெரியாது, பக்கத்து வீட்டு பாஷையும் தெரியாது. நான் என் வீட்டுலதான் இருக்கணும் தம்பி, அதுக்கு என்ன மெஷின் உண்டோ அதைக் குடுங்க" என்றார்.

குளிர வை

அந்த வாரமே மன்னார்குடியிலிருந்து ஓர் அரிசி மண்டிக்காரர் வீட்டம்மா போன். விளக்கை நிறுத்தச் சொன்னால் ஸ்பீக்கர் ஏ.சி.யைப் போட்டு நடுங்க வைக்கிறதாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "விளக்கைக் குளிர வைன்னுதான்" என்றார். "அணைன்னு சொல்லுங்கம்மா" என்றேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்த வார்த்தையை என் வாயால சொல்லச் சொல்றீங்களே!" என்று ஒரு பிடி பிடித்துவிட்டார்.

சரிதானே? சொல்லக் கூடாது என்று வளர்ந்தவரை ஒரு டப்பாவுக்காகச் சொல்ல வைப்பது என்ன நியாயம்? நேரில் போய், 'குளிர வை' என்றால் விளக்கை நிறுத்து என்று அதற்குள் பதிந்து கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நல்ல வேளை தம்பி, மப்ளரைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்."

போடுங்க

டீச்சர் வீட்டில் வேறு வம்பு. "லைட்டைப் போடுங்க" என்பார், ஸ்பீக்கர் புரியவில்லை என்னும். போடு என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். "பள்ளிக்கூடத்துல பியூனைக்கூட நான் வா, போன்னதில்ல. முன்னப்பின்ன தெரியாததை எப்படிச் சொல்றது?" என்றார். மன்னார்குடிப் பாடம் கைகொடுத்தது. போடுங்க, நிறுத்துங்க, பாடுங்க என்று எல்லாவற்றையும் மரியாதையோடு பதிந்து வைத்தேன்.

அடுத்தது மின்சார அடுப்பு. வழவழ கண்ணாடி, பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. இந்த மாதிரி சாமானைச் செய்கிறவனை என் முன்னால் நிறுத்த வேண்டும்! பால் பொங்கி வழிந்து, பயந்து, காபியையே விட்டுவிட்டிருந்தார். என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை என் பையில் எப்போதும் இருக்கும். தொட்டுத் தொட்டு, பீப் சத்தத்தை வைத்துப் பட்டனைக் கண்டுபிடித்து, அந்த இடங்களில் ஒவ்வொரு பொட்டு ஒட்டினேன். டீச்சர் தடவிப் பார்த்துச் சிரித்தார்: "நான் பொட்டு வச்சதே இல்ல தம்பி, எங்க வீட்டுல அடுப்பாவது வச்சிக்கட்டும்."

ஸ்டெல்லா வந்தாள்

அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள் என்று டீச்சர் கேட்டிருந்தார். நான் போய்க் கேட்டைத் திறக்கையில் ஸ்டெல்லாவின் ஆட்டோவும் வந்து நின்றது. "நீங்கதான் மெஷின் வச்சுக் குடுத்தவங்களா? ரொம்ப நன்றிண்ணே. ஆனா அம்மாவை விட்டுட்டுப் போக மனசு வரல. கண்ணு போனதுலேருந்து போன்ல 'ம்'முக்கு மேல பேசறதில்ல. பயமா இருக்கு" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லையே.

அப்போது உள்ளேயிருந்து டீச்சர் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி: "நேத்தும் இதையேதானே சொன்னேன்? காதை எங்க கழட்டி வச்சிருக்க? லைட்டைப் போடுடி!"

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "உள்ள யாரு?"

"யாரும் இல்லம்மா. ஸ்பீக்கர்தான்."

அவள் சிரித்தாள். அப்புறம் அழுகிற சத்தம் கேட்டது. "கணக்குத் தப்பாப் போட்டா என்னை இப்படித்தாண்ணே திட்டுவாங்க" என்றாள்.

டீச்சரே பாலைக் காய்ச்சி, எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொடுத்தார். சர்க்கரை தூக்கல், ஆனால் சூடு பிரமாதம். பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் கிளம்பும்போது ஸ்டெல்லா கேட் வரைக்கும் வந்து சொன்னாள்: "அண்ணே, ஊருக்குத் திரும்ப ரெண்டு டிக்கெட் போட்டுட்டு வந்தேன். ஒண்ணை எப்படி கேன்சல் பண்றதுன்னு அந்த மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மறுநாளே போய் 'போடுடி'யையும் அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். விற்ற சாமானுக்குத் திட்டு வாங்கவும் பயிற்சி கொடுக்கிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.